கடைசி அத்தியாயம் படிக்காத சிபாரிசு

1

இந்தக் கதையில் மாளவிகா என்று வரும் இடங்களில் எல்லாம் முதல் வரைவில் 'நான்' என்று இருந்தது. வெட்கத்தில் மாற்றினேன். 'நான்' என்று எழுதினால் மூன்றாவது வரியிலேயே எனக்குச் சாக்கு சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன்.

2

மந்தைவெளியில் மழை கொட்டிய ஒரு காலையில்...

(மழை பெய்யவில்லை. விடுங்கள்.)

அடையாறில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் வாசகர் குழுவில் மாளவிகா எட்டு வருடமாக இருக்கிறாள். அறிவியல் புனைகதையும் இளையோர் நாவல்களும்தான் அங்கே பேச்சு. அவரவருக்குப் பிடித்த புத்தகத்தை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். மாளவிகா சொன்னால் உடனே வாங்கிப் படிக்க ஆட்கள் இருந்தார்கள். அவளோ ஒன்றரை வருடமாக எதையும் முழுதாகப் படிக்கவில்லை. பின்னட்டை, முதல் இருபது பக்கம், யாரோ எழுதிய மதிப்புரை, இவற்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாள். (ஏன் படிக்க முடியவில்லை என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. சாக்கு. எடுத்துவிட்டேன்.)

3

மந்தைவெளியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரோஸி வேலை பார்க்கிறாள். சாந்தோம் பெண், வயது இருபத்து மூன்று. தைராய்டு பார்க்கப் போன மாளவிகாவின் பையில் பளபளவென்று ஒரு புது நாவல் எட்டிப் பார்த்தது. விண்கலத்தில் எட்டு வருடம் போய்த் திரும்பும் ஒரு பெண்ணின் கதை. அதற்குள் பூமியில் அறுபது வருடம் ஓடிவிட்டிருக்கும்.

"அக்கா! இத்த நான் ரெண்டு வாட்டி படிச்சிக்கீறேன். ராக்கெட்ட வுடுங்க. லேட்டா வூட்டுக்கு வர்றவங்களுக்குன்னே எழுதுன புக்குக்கா இது. எங்கப்பாக்கு கதையா சொன்னேன், அழுதுட்டாரு."

"எங்க குழுவுக்கு வாயேன்" என்றாள் மாளவிகா. வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

(ரோஸி என்னிடம் இத்தனை 'கீறேன்' போட்டுப் பேசவில்லை. பாதிதான். மீதியை நான் சேர்த்தேன், உங்களுக்கு அவளைச் சட்டென்று அடையாளம் தெரியட்டும் என்று. அதிலும் எனக்குக் கூச்சம்தான்.)

4

அந்தச் சனிக்கிழமை மாளவிகா எழுந்து நின்று சொன்னாள்: "வீட்டுக்குத் தாமதமாகத் திரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்ட விண்வெளி நாவல் இது."

கைதட்டினார்கள். இரண்டு பேர் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ரோஸியின் பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்து...

இல்லை. வரவே இல்லை.

5

அடுத்த மாதம் ரோஸி வந்துவிட்டாள். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் பிரவுன் அட்டை போட்ட அதே நாவல். குழுவில் மூத்தவரான கஸ்தூரிரங்கன் அதை வாங்கிப் பார்த்தார்.

"இந்த நாவலா? போன மாசம் மாளவிகா இதைப் பத்தி ஒண்ணு சொன்னா பாரு, இன்னும் காதுல கேட்டுண்டே இருக்கும்மா" என்று அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார்.

ரோஸி மாளவிகாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"சூப்பரா சொல்லிக்கீறீங்கக்கா" என்றாள். பிறகு ஆசையாகக் கேட்டாள்: "கடைசில அந்தப் பொண்ணு அம்மா வூட்டு வாசல்ல நிக்கிறாளே, அங்க உங்களுக்கு இன்னா தோணிச்சி?"

"உள்ள போனாளா இல்லையான்னு சொல்லாம முடிவை நம்மகிட்டயே விட்டுட்டாங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சது."

போன மாதச் சிபாரிசை நம்பி வாங்கிப் படித்திருந்த இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உள்ள போறாளேக்கா. ஒரு முழு சாப்டரே கீதே..." என்று ஆரம்பித்த ரோஸி, மாளவிகாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "உங்க புக்குல கடைசி பக்கமெல்லாம் கிழிஞ்சிருக்கும். பழைய புக்குன்னா அப்பிடித்தான் ஆவுது."

அது புத்தம் புதுசு என்று அவளுக்குத் தெரியும். பார்த்தவள்தானே.

"ஆமாமா, அப்படி ஆறதுண்டு" என்றார் கஸ்தூரிரங்கன்.

6

முடிவு ஒன்று: மாளவிகா அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள். நன்றாகவே எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். நிஜத்தில் அவள் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போனாள்.

முடிவு இரண்டு: மறுநாளே புத்தகத்தை முழுதாகப் படிக்கிறாள். இது நடந்தது. அந்த வீட்டில் முன்பின் தெரியாத யாரோ அந்தப் பெண்ணைச் சாப்பிடச் சொல்லும் இடத்தில் அழுதாள். ஆனால் தனக்கென்று ஒரு வாக்கியம் தோன்றவில்லை. ரோஸியின் வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அதற்கு அடுத்த நாள் லேபுக்குப் போனாள்.

"உடம்புக்கு இன்னாக்கா?"

"சும்மா... சுகர் பாக்கணும்."

இல்லாத சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தவளிடம் ரோஸி ஒரு சீட்டைக் கொடுத்தாள். பின்பக்கம் ஐந்து புத்தகங்களின் பெயர்கள்.

"குரூப்புல சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

7

முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். அதைச் செய்ய எனக்கு வாய் கூசுகிறது.

நாளை குழு கூடும் சனிக்கிழமை. எழுந்து நின்றதும் நான் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை 'ரோஸி'. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறை...