கோல் கம்பத்துக்குப் பின்னால்

என் அண்ணன் தைலான் முதல் தடவை மயங்கி விழுந்தபோது ஊரே கைதட்டியது.

எங்கள் ஊர்க் கால்பந்து அணியான சாரிதெரே ஸ்போர் அமெச்சூர் லீக்கிலிருந்து மூன்றாம் லீக்குக்கு ஏறிய நாள் அது. கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை அண்ணன் பாய்ந்து தட்டிவிட்டான். விசில் ஊதியதும் கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே போய் அவனைத் தோளில் தூக்கியது. அந்தத் தோள்களிலிருந்து அவன் ஈரத்துணி மாதிரி வழுக்கி விழுந்தான். சந்தோஷத்தில் மயக்கம் போட்டுவிட்டான் என்று சிரித்தார்கள். தண்ணீரை ஊற்றினார்கள், எழுந்தான், அவனும் சிரித்தான். நானும் கைதட்டினேன். பக்கத்தில் நின்ற அண்ணி மெலிஹா மட்டும் தட்டவில்லை.

எங்கள் அப்பா முப்பத்தாறு வயதில் ஹேசல்நட் மூட்டையைத் தோளில் ஏற்றியபடியே தோட்டத்தில் விழுந்து செத்தவர். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். கருங்கடலின் மழை முழுக்க வந்து இறங்கும் எங்கள் மலையில் வெயில் எங்கே இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் லீக்குக்குப் போனபின் ஊர் மாறிவிட்டது. கல்யாணங்களை ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வைத்தார்கள். ரொட்டிக் கடையிலும் மசூதி வாசலிலும் அதே பேச்சு. கிளப்பின் தலைவர் ஹைரெத்தின்தான் ஹேசல்நட் கொட்டைத் தொழிற்சாலைக்கும் முதலாளி. நானும் அண்ணியும் அங்கே கொட்டை பொறுக்கும் வரிசையில் வேலை பார்த்தோம். திங்கட்கிழமை ஜெயித்த முகத்தோடு வேலைக்குப் போனால் மேஸ்திரி சிரிப்பார். தோற்றிருந்தால் நாங்கள் தலையை நிமிர்த்துவதில்லை.

அந்த சீசனின் நடுவில் கெனான் என்ற தடுப்பாட்டக்காரன் தவறிப்போய்ச் சொந்தக் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டான். அன்றைக்கே அவன் அப்பாவின் சலூன் கண்ணாடி நொறுங்கியது. யார் எறிந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தக் குடும்பம் ஒரு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வழியனுப்பக்கூட ஆள் வரவில்லை. நானும் போகவில்லை.

குளிர்காலத்தில் அண்ணன் இரண்டாவது முறை விழுந்தான். இம்முறை வீட்டுக் குளியலறையில். அண்ணி அவனைக் கடலோர நகரத்து மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வேலையில், கொட்டை உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடும்போது என் காதோடு வாய் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"இதயச் சுவர் தடிச்சிருக்காம் நெர்மின். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். நெஞ்சுல ஒரு கருவி வைக்கணுமாம். இவன் என்ன சொல்றான் தெரியுமா? பிளே-ஆஃப் முடியட்டும்கிறான்."

என் கை வரிசையில் அப்படியே நின்றுவிட்டது. நல்ல கொட்டையும் சொத்தைக் கொட்டையும் ஒன்றாகக் கடந்து போயின.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தொட்டியில் கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அப்பாவும் இப்படித்தான்…"

"அப்பா மூட்டை தூக்கினாரு. நான் பந்து பிடிக்கிறேன். அரைக் கிலோகூட இல்லடீ அது."

"சிரிப்பா இருக்கா உனக்கு?"

அவன் குழாயை மூடினான். "இந்த ஊர்ல பொறந்த எவனும் ரெண்டாம் லீக்ல ஆடினதில்ல. இப்ப நான் நெஞ்சு வலின்னு ஒதுங்கினா என்ன சொல்வாங்க? பயந்துட்டான்னு சொல்வாங்க. கெனான் குடும்பம் போன மாதிரி நாமளும் போகணும். வாயைத் தொறக்காத. மெலிஹா சத்தியம் பண்ணியிருக்கா."

அண்ணி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "நீ மிரட்டி வாங்கின சத்தியம் அது. என்னைக்காவது உடைப்பேன்."

அவள் உடைத்தாள். வசந்தம் பிறந்தபோது எங்கள் அணி பிளே-ஆஃபுக்கு, அதாவது இரண்டாம் லீக்குக்கு யார் ஏறுவது என்று தீர்க்கும் இறுதி ஆட்டத்துக்கு, தகுதி பெற்றது. நாங்கள் இருவரும் பயிற்சியாளர் நெஜாத்தைத் தேடி மைதானத்துக்குப் போனோம். வெளியூர்க்காரர், நல்ல மனிதர். அண்ணி சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"தங்கச்சி," என்றார், "இத நான் கேக்கல. நீங்களும் எங்கிட்ட சொல்லல. என் வீட்லயும் மூணு பேர் இருக்காங்க." விளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் தலைவர் எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். தன் கையாலேயே அண்ணியின் கிளாஸில் சர்க்கரைக் கட்டியைப் போட்டார்.

"மெலிஹா, மகளே, ஆட்டம் நெருங்கினா எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். எனக்கும் படபடக்குது பாரு."

"இது அது இல்ல தலைவரே. டாக்டர் சொன்னாரு. களத்துலயே செத்துப் போவான்னு சொன்னாரு."

"டாக்டருங்க நூறு சொல்வாங்க. தைலான் உனக்குப் புருஷன், ஊருக்குக் கோல்கீப்பர். ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. அப்புறம் நானே இஸ்தான்புல்லுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்." கொஞ்ச நேரம் கிளாஸைச் சுழற்றினார். "பாப்பா எந்த வகுப்பு? ரெண்டாவதா? ரோட்டோரமா நடந்துதான ஸ்கூலுக்குப் போறா? லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருது. பாத்துப் போகச் சொல்லு."

அவர் அதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். படி இறங்கிய அண்ணி வேலைக்குத் திரும்பாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்து வந்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கு எதிரில் ஒரு கார் நின்றது. ரசிகர் மன்றத்துப் பையன்கள். அவர்களின் தலைவனை எல்லோரும் போர்சுக் என்று கூப்பிடுவார்கள், வளைக்கரடி என்று அர்த்தம். அண்ணி ரொட்டி வாங்கப் போனால் அவனும் ரொட்டி வாங்க வந்தான். "அண்ணி, பை கனமா இருக்கா? குடுங்க." மகள் இபெக்கைப் பள்ளிக்கு விடப் போனால் கார் மெதுவாகப் பின்னால் ஊர்ந்தது. "பாதுகாப்புக்குத்தான் அண்ணி. எதிர் டீம்காரன் ஏதாவது பண்ணிட்டா?" அண்ணி இபெக்கைப் பக்கத்து மாவட்டத்தில் இருந்த தன் அக்காவிடம் அனுப்பிவிட்டாள். அண்ணனிடம் அவள் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பானா என்பதும் எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்து அவன் பெருமையாகக் கையசைத்துக்கொண்டிருந்தான்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் எதிரணிக்கும் சொந்தமில்லாத ஒரு நகரத்தில் நடந்தது. ரசிகர் பஸ்ஸில் போர்சுக் எங்களுக்கு முன் வரிசை ஜன்னலோர இருக்கை ஒதுக்கியிருந்தான். அவன் பக்கத்து இருக்கையில். வழி முழுக்க மேளம், பாட்டு. அண்ணி மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள்.

மைதானத்துக்குள் போனதும் அவள் என் காதில், "கக்கூசுக்குப் போறோம்னு சொல்லு" என்றாள். பெண்கள் கழிப்பறை வாசல்வரை போர்சுக் வந்தான். உள்ளே இன்னொரு கதவு இருந்தது. துடைப்பமும் வாளியும் வைக்கும் இடம் வழியாக அது படிக்கட்டுக்கு அடியில் திறந்தது. ஓடினோம். அங்கே ஆம்புலன்ஸ் நின்றது. ஓர் இளம் பெண் மருத்துவர் அதன் படியில் உட்கார்ந்து எள் தூவிய ரொட்டி வளையம் தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் வளையத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கேள்விதான் கேட்டாள்: மயங்கியது எத்தனை முறை, அப்பா எப்படி இறந்தார். நான்தான் பதில் சொன்னேன். அவள் எழுந்து அதிகாரிகள் அறைக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஆடறதுக்கான லைசென்ஸ் சரியா இருக்குங்கிறாங்க. உங்க வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் கேட்டேன். சிரிக்கிறாரு. மனைவி பயந்த சுபாவம்ங்கிறாரு."

அண்ணி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஆட்டத்த என்னால நிறுத்த முடியல அக்கா," என்றாள் அந்தப் பெண். "ஆனா நான் எங்க நிக்கணும்னு நான்தான முடிவு பண்ணுவேன்?"

வந்த வழியே திரும்பியபோது கழிப்பறை வாசலிலேயே நின்ற போர்சுக் இருக்கைவரை கூட வந்தான். வெறுமனே எங்களைப் பார்த்துக்கொண்டே சூரியகாந்தி விதை கொறித்தான். ஆம்புலன்ஸ் நகர்ந்து அண்ணனின் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றது. போர்சுக் கொறிப்பதை நிறுத்தினான்.

"அது ஏன் நம்ம கோல்கிட்ட வருது?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, அண்ணனை மட்டும் பார்த்தேன். அவன் பாயும்போதெல்லாம் அண்ணியின் கை என் தொடையில் இறுகும். எழுந்து நின்றால் தளரும். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். நாலா பக்கமும் ஆட்கள் குதித்தார்கள், நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. ஆம்புலன்ஸ் சுற்றிவர வழியில்லை. அந்த மருத்துவப் பெண், நின்ற இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னதிர்ச்சிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்தின் ஓரமாகவே நடந்து எதிர்க் கோலுக்குப் பின்னால் போய் நின்றாள். எதிரணி ரசிகர்கள் அவள் மீது காலி பாட்டில்களை வீசினார்கள். தலையைக் கையால் மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஆட்டம் முடியச் சிறிது நேரம் இருந்தபோது ஒரு பந்து மேல் மூலைக்குப் போனது. அண்ணன் உடம்பை வில்லாக வளைத்து அதைப் பிடித்தான். எழுந்தான். பந்தைத் தூரமாக வீசினான். பிறகு, யாரும் அருகில் இல்லாத அந்த இடத்தில், களைத்த ஆள் உட்காருவது போல உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தான்.

எதிரணிக் கூட்டம் விசிலடித்தது. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "டேய், நல்லா நேரம் கடத்தறான்டா! படு தைலான், படு! எழுந்திரிக்காத!" மேளம் அடித்துக் கைதட்டினார்கள். நடுவர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நிதானமாக நடந்தார்.

அண்ணி கத்தினாளா என்று எனக்கு நினைவில்லை. மருத்துவப் பெண் நடுவரின் சைகைக்குக் காத்திருக்காமல் ஓடுவதை மட்டும் பார்த்தேன். அண்ணனின் சட்டையைக் கிழித்துப் பெட்டியை அவன் நெஞ்சில் பொருத்தினாள். அண்ணனின் உடம்பு புல்லிலிருந்து எம்பி விழுந்தது. அப்போதுதான் மேளம் நின்றது. இரண்டாவது முறை எம்பியது. பல்லாயிரம் பேர் இருந்த இடத்தில் கொடித்துணி படபடப்பது கேட்டது. போர்சுக்கின் கையிலிருந்த விதைகள் கொட்டின. அவன் அழத் தொடங்கியிருந்தான். எங்களுக்காகக் கூட்டத்தைக் கிழித்துக் கீழே வழி உண்டாக்கியதும் அவன்தான்.

அண்ணன் மறுநாள் கண் விழித்தான். முதல் சொல், "கோலா?"

"இல்ல," என்றாள் அண்ணி. "பிடிச்சிட்ட."

மாற்று ஆளை வைத்து மீதி ஆட்டத்தை ஆடி எங்கள் அணி ஜெயித்திருந்தது. சாரிதெரே இரண்டாம் லீக்குக்குப் போய்விட்டது. மருத்துவமனை வாசலில் தலைவர் கேமராக்களுக்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க சிங்கம்! இப்படி ஒரு நோய் இருக்குன்னு எங்க யாருக்குமே தெரியாது."

அண்ணி படியிறங்கிப் போய் அவர் எதிரில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும் தலைவரே. நீங்க சர்க்கரை போட்டுக் குடுத்த டீய வச்சுக்கிட்டு நான் சொன்னேன்."

"பாவம், அதிர்ச்சியில பேசறா," என்றார் அவர் கேமராவைப் பார்த்து.

"தலைவரே, நெஜமா?" என்று பின்னாலிருந்து போர்சுக் கேட்டான். தலைவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக் காரில் ஏறினார்.

அந்தக் காட்சி எல்லோர் கைபேசிக்கும் போனது. ஒரு விசாரணை நடந்தது. நெஜாத் வேலையை இழந்தார். தலைவர் இன்றுவரை தலைவராகத்தான் இருக்கிறார். தொழிற்சாலை வாசலில் எங்கள் இருவரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். துணிமணி எடுக்கப் போன நான் அண்ணன் வீட்டு ஜன்னலில் ஒரு ஓட்டையையும், வாசற்படியில் துணி மூடிய சோளரொட்டியையும் ஒன்றாகப் பார்த்தேன். கல்லெறிந்தது யார், ரொட்டி வைத்தது யார் என்று தெரியவில்லை. ரொட்டியைச் சாப்பிடவும் பயமாக இருந்தது.

நாங்கள் கடலோர நகரத்துக்கே குடிவந்துவிட்டோம். அண்ணன் நெஞ்சில் கருவி வைத்தார்கள். டயர் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தான். அண்ணியோடு பல வாரம் பேசவில்லை. "என்னை எல்லார் முன்னாடியும் நோயாளி ஆக்கிட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான். அவளும் அவன் தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

பிறகு மருத்துவர், இது பரம்பரையாக வருவது, மகளையும் தங்கையையும் சோதிக்க வேண்டும் என்றார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இபெக்குக்கு இல்லை, ஆனாலும் வருடா வருடம் காட்ட வேண்டும். எனக்கு லேசாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நடைகூடத்தைப் பற்றி. இபெக் உள்ளே படுத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அண்ணன் உட்காருவான், எழுவான், கதவில் காது வைப்பான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெனால்டிக்கு முன்னால்கூட அவனை இப்படிப் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் போய் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மெலிஹா, நீ இத்தன மாசம் எப்படி…"

அண்ணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "உக்காரு," என்றாள். "நின்னுட்டே இருந்தா உனக்கு ஆகாது."

இபெக் வெளியே வந்தாள். மருத்துவர் சிரித்தபோது அண்ணன் அவள் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் கதவுவரை கூட வந்தான்.

"பயமா இருக்கா நெர்மின்?"

"இருக்குண்ணே."

"எனக்கும்தான்டீ," என்றான். நான் உள்ளே போனேன்.