எட்டுத் தாள நேரம்

வெர்லின் ஹேவர்காம்ப்புக்குத் தொண்டையில் கட்டி இருப்பது மே மாத நடுவில் தெரிய வந்தது. அறுவை சிகிச்சைக்குக் கிடைத்த நாள் ஜூன் பத்து, செவ்வாய்க்கிழமை. ஆல்டர் க்ரீக் ஸ்கொயர் டான்ஸ் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு ஆட்டம் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு மதியம். முப்பத்தெட்டு வருஷமாக மேடையில் நின்று, அடுத்து எப்படி ஆட வேண்டும் என்று பாட்டோடு உரக்கச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் அந்தச் சங்கத்தின் அழைப்பாளர் அவர்தான்.

ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை காலையில் தங்கை லோர்னாவின் வீட்டுக்கு வந்தார். நிலவறையில் அவள் வேலையாக இருந்தாள். நெப்ராஸ்காவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் இருக்கும் அழைப்பாளர்களுக்குப் பாட்டு தயார் செய்து கொடுப்பது அவள் தொழில். வாத்தியக்காரர்களை வரவழைத்து ரெக்கார்டு செய்வாள். அழைப்பவரின் குரலுக்கு ஏற்ற மாதிரி சுருதியை ஏற்றுவாள், இறக்குவாள். நாலு நிமிஷப் பாட்டை ஒட்டுத் தெரியாமல் பதினைந்து நிமிஷமாக நீட்டுவாள். அண்ணன் அழைத்த ஆட்டங்களின் பதிவுகள் ஒன்று விடாமல் அவளுடைய கணினியில் இருந்தன.

"என் குரல் எத்தனை மணி நேரம் இருக்கு உன்கிட்ட?" என்று கேட்டார் வெர்லின். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஆயிரத்துக்கு மேல இருக்கும். எதுக்கு?"

"அதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் எனக்குக் கோத்துக் குடு. ஞாயித்துக்கிழமைக்கு."

லோர்னா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள். "நீ மேடையில நின்னு வாயசைப்பே, லேப்டாப் அழைக்கும். அதானே?"

"அதான்."

"உனக்குக் கட்டி தொண்டையிலயா, மூளையிலயா? ட்ராய் வானெக்கக் கூப்பிடு. அவன் நல்லாத்தான் அழைக்கிறான்."

"அடுத்த ஐம்பது வருஷமும் அவனே அழைக்கட்டும். இந்த ஒரு மதியம் என்னோடது."

"கீழ எவனாவது தப்பாத் திரும்பிட்டா? ரெக்கார்டிங்குக்குக் கண்ணு இருக்கா?"

"எல்லாம் பழகின ஆளுங்க. சுலபமான அழைப்பா எடு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "லோர்னா, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இந்தத் தொண்டையில என்ன மிஞ்சும்னு டாக்டருக்கே தெரியல."

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல முறை நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் வேலை. பத்து வருஷம் முந்தைய குரலையும் போன வருஷத்துக் குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு ஆள் பேசுவது போல இருக்கும். அதைச் சமன் செய்தாள். எல்லாவற்றையும் நிமிஷத்துக்கு நூற்று இருபத்தாறு தாளத்துக்குக் கொண்டுவந்தாள். இருமலை வெட்டினாள். செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்த இடங்களை வெட்டினாள். மூச்சு வாங்கும் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தாள். அது இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை மாலை முழுவதையும் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அண்ணன் எந்த மேடையிலும் இவ்வளவு சுத்தமாக அழைத்ததில்லை.

ஞாயிறு மதியம் மண்டபத்தில் பதினான்கு சதுரம் நின்றது. நாலு ஜோடிக்கு ஒரு சதுரம், ஆக நூற்றுப் பன்னிரண்டு பேர். பெண்களின் குடைப்பாவாடைகள் ஒன்றோடொன்று உரசின. பின்சுவர் ஓரம் மேஜையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரமும் காபியும் இருந்தன. வெர்லின் நட்சத்திரப் பொத்தான் வைத்த நீலச் சட்டையில் மேடையேறினார். அவர் கையில் இருந்த மைக்கின் இணைப்பை லோர்னா அணைத்துவிட்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் லேப்டாப்போடு அவள் உட்கார்ந்தாள்.

முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. குரல் கணீரென்று வந்தது. வெர்லினின் உதடு ஒரு எழுத்துப் பிசகவில்லை. சொல்வதெல்லாம் அவர் சொன்னதுதானே.

இடைவேளையில் ட்ராய் வானெக் மேடையோரம் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது, ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டர்.

"லோர்னா, நீ ஏன் இன்னிக்கு மேடையில?"

"லேப்டாப் புதுசு. அவனுக்கு இன்னும் பிடிபடல."

"குரல் ஏழு வருஷம் இளசா இருக்கே. என்ன குடிக்கிறாரு?"

வெர்லின் சிரித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேசமாட்டேன் என்று கையசைத்தார். ட்ராய் லேப்டாப் திரையை ஒரு முறை பார்த்தான். பிறகு காபி எடுக்கப் போனான். அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று லோர்னா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றில் பின்வரிசைச் சதுரம் ஒன்று கலைந்தது. யாரோ இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பிவிட்டார்கள். வழக்கமாக வெர்லின் மற்றவர்களை ஓரிடத்தில் சுற்றவிட்டு, கலைந்தவர்களை ஒரு கிண்டலோடு வரிசைக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம்தான் மேலே போவார். இன்று குரல் நிற்கவில்லை. எட்டுப் பேரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தார்கள்.

"வெர்லின்! எங்கள மறந்துட்டியா?" என்று கத்தினார் அந்தச் சதுரத்தில் இருந்த ஓரின் டெக்கர். அவரும் மனைவி மாக்சினும் சங்கத்தின் முதல் வருஷத்திலிருந்து ஆடுகிறவர்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்லினும் சிரிப்பது போல வாயைத் திறந்தார். மைக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சுற்று முடிந்ததும் லோர்னா அவர் காதருகே குனிந்தாள். "போதும். உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"இன்னும் ஒண்ணு."

"வெர்லின்."

"ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நானே சொல்லிடறேன்."

மூன்றாவது சுற்றுக்கு ஓரினும் மாக்சினும் மேடைக்கு நேர் கீழே இருந்த சதுரத்துக்கு வந்து நின்றார்கள். மாக்சினுக்கு எழுபத்தாறு வயது. மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். பாதிப் பாட்டில் லோர்னா திரையிலிருந்து தற்செயலாகத் தலையை நிமிர்த்தினாள். மாக்சினின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கால் தாளத்துக்கு விழவில்லை, இழுபட்டது.

லோர்னாவின் விரல் நிறுத்தும் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. இப்போது நிறுத்தினால் நூறு பேருக்கு எதிரில் அண்ணன் ஊமையாக நிற்பான். மாக்சின் தானாக ஒதுங்கிவிடுவாள், ஓரின் பார்த்துவிடுவான் என்று மனசு சொன்னது. தாளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியது. வெர்லின் பார்த்துவிட்டார். மைக்கில் எதையோ கத்தினார். சத்தம் வரவில்லை. அவருடைய பழைய குரல் மட்டும் உற்சாகமாக, "கைகோத்து வட்டமா, வேகமா, இன்னும் வேகமா!" என்றது.

எட்டுப் பேரும் கைகோத்தார்கள். வட்டம் சுழன்றது. எட்டாவது தாளத்தில் மாக்சினின் முழங்கால் மடங்கியது. கோத்த கைகள் அவளை இரண்டடி இழுத்துக்கொண்டு போன பிறகே பிடியை விட்டன. பின்னால் வந்தவர் அவள் மேல் தடுக்கி விழுந்தார். பக்கத்துச் சதுரத்துக்காரர்கள் பார்க்காமல் அந்தப் பக்கமே சுழன்று வந்தார்கள்.

லோர்னா அழுத்தினாள்.

பாட்டும் குரலும் ஒருசேர அறுந்தன. வெர்லின் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். மண்டபம் முழுவதும் மேடையைப் பார்த்தது. அவர் வாய் அகலத் திறந்து மூடியது, திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை.

லோர்னா மைக்கைப் பிடுங்கி இணைப்பைப் போட்டாள். வாழ்நாளில் அவள் மைக்கில் பேசியதில்லை. "எல்லாரும் நின்ன இடத்திலயே நில்லுங்க! முன்வரிசை மட்டும் பின்னால போங்க. ட்ராய், இங்க வா! கதவுகிட்ட நிக்கிறவங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!"

ட்ராய் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தான். மண்டியிட்டு மாக்சினின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். "நாடி இருக்கு. ரொம்ப மெதுவா அடிக்குது. காலத் தூக்கிப் பிடிங்க. அந்த மணிக்கட்ட யாரும் தொடாதீங்க, ஒடஞ்சிருக்கு."

ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிஷம் ஆனது. அதற்குள் மாக்சின் கண் திறந்து, "என் ஷூ எங்க?" என்று கேட்டாள். ஸ்ட்ரெச்சரோடு வாசல் வரை போன ஓரின் திரும்பி மேடைக்கு எதிரே வந்து நின்றார்.

"நீ எங்களப் பாக்கவே இல்ல, வெர்லின். கண்ண மூடிக்கிட்டு உன் பின்னால வந்தோம். அங்க நீயே இல்ல."

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

வெர்லின் படியில் உட்கார்ந்தார். லோர்னாவை அருகே இழுத்து அவள் காதில் பேசினார். அவள் மைக்கில் அதை அப்படியே சொன்னாள். "எனக்குத் தொண்டையில கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஒரு மாசமா குரல் இல்ல. இன்னிக்கு நீங்க கேட்டது பழைய ரெக்கார்டிங். சொன்னா இந்த ஆட்டத்த ட்ராய்கிட்ட குடுத்துடுவீங்கன்னு சொல்லல." அவர் நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். "தப்பு என்னோடது. லோர்னா வேணாம்னுதான் சொன்னா."

கடைசி வாக்கியத்தை அவள் வேகமாகச் சொல்லி முடித்தாள். அது பாதி உண்மைதான்.

சிலர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சங்கத் தலைவி பலகாரத் தட்டை மூடி வைத்தாள். யாரும் மறுபடி ஆடவில்லை. ஸ்பீக்கர் கம்பிகளைச் சுருட்ட ட்ராய்தான் உதவினான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று லோர்னா கேட்டாள்.

"சந்தேகம் இருந்திச்சு. கெழவன் ஒரு மதியம் ஆசப்படறாருன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

திங்கட்கிழமை காலை ஓரின் போன் செய்தார். "மாக்சின்தான் போடச் சொன்னா. எனக்கு இன்னும் கோவம் போகல, அதத் தெரிஞ்சுக்கோ. இதயத் துடிப்பு கொறஞ்சிருச்சாம், பேஸ்மேக்கர் வெக்கிறாங்க. எங்க இருந்திருந்தாலும் விழுந்திருப்பாளாம். வெர்லினோட கட்டியப் பத்தி சங்கத்துக்காரங்க சொன்னாங்க. ஆபரேஷன் நாளைக்கானு கேக்கச் சொன்னா."

"நாளைக்குத்தான்." லோர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஓரின், அவ முகம் வெளுத்தத நான் பாத்தேன். விழறதுக்கு எட்டுத் தாளம் முன்னாலயே பாத்தேன். நாலு செகண்ட் இருக்கும். கை பொத்தான் மேலதான் இருந்திச்சு. வெர்லின் மானம் போயிடுமேன்னு அழுத்தல."

மறுமுனையில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"நிறுத்தியிருந்தா மணிக்கட்டு ஒடஞ்சிருக்காது," என்றார் ஓரின்.

"ஆமா."

"இத மாக்சின்கிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

அன்று மாலையே போய்ச் சொன்னாள். மாக்சின் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். "அந்த எடத்துல நான் இருந்தா அழுத்தியிருப்பேனான்னு தெரியல," என்றாள். கையை லேசாக நகர்த்தி, "ஆனா வலிக்குது, லோர்னா," என்றாள்.

செவ்வாயன்று அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். அதோடு ஒரு பக்கத்துக் குரல் நாணின் பெரும்பகுதியும் போய்விட்டது. பேச்சு வரும், கரகரவென்று வரும், மேடைக்கு உதவாது என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்த வெர்லின் எழுதுவதற்குத் தாள் கேட்டு வாங்கினார். மாக்சின் எப்படி இருக்கிறாள் என்பதைத்தான் முதலில் எழுதிக் கேட்டார். லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள், அந்த எட்டுத் தாளத்தையும் சேர்த்து. அவர் பென்சிலைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளைத் திருப்பி, இனி ட்ராய் அழைக்கட்டும், அவன் போன் நம்பர் வேண்டும் என்று எழுதினார்.