தூங்குகிற தாத்தா

அஸ்தினாபுரத்தில் ஒரு தனியார் பள்ளி. அங்கே யூகேஜி பிள்ளைகளுக்கு சத்யபிரியாதான் மிஸ். கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வாரம் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பேப்பர் தட்டும் கொஞ்சம் பஞ்சும் கொடுத்தாள். தட்டில் முகம் வரைந்து, சிவப்புக் காகிதத்தில் குல்லா வைத்து, பஞ்சைத் தாடியாக ஒட்டினால் கிறிஸ்துமஸ் தாத்தா.

வகுப்பு முழுக்கப் பசை. ஒருத்தன் தன் கன்னத்திலேயே தாடி ஒட்டிக்கொண்டான். வினிதா மட்டும் சத்தமில்லாமல் வேலை பார்த்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தாடியில் தொடங்கி மூக்கு, கண், நெற்றி எல்லாவற்றையும் பஞ்சால் மூடிவிட்டாள்.

"கண்ணே தெரியலையே வினிதா?"

"தாத்தா தூங்குறாரு மிஸ். குளிருதுல்ல, போத்தி வுட்டேன்."

சத்யபிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைத்தான் முதலில் சுவரில் மாட்டினாள்.

மதியம் பிரின்சிபால் ஸ்ரீவித்யா வந்து பார்த்தார்.

"இதையா பேரன்ட்ஸுக்குக் காட்டப் போறீங்க?"

"பசங்களே செஞ்சது மேடம்."

"பசங்க செஞ்ச மாதிரிதான் இருக்கணும். ஆனா நீட்டா இருக்கணும். அட்மிஷன் டைம் சத்யா. எல்லாத்தையும் மாத்திடுங்க."

முன்பு வேலை பார்த்த பள்ளியை மூடிவிட்டதால் சத்யபிரியா ஜூனில்தான் இங்கே சேர்ந்திருந்தாள். "சரி மேடம்" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் கணவன் ஜெரோம் குல்லா வெட்டிக் கொடுக்க, அவள் புதுத் தட்டுகளில் ஒட்டினாள். எல்லாத் தாத்தாக்களும் ஒரே சிரிப்புச் சிரித்தார்கள். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்.

"இடது கை எதுக்கு?" என்றான் ஜெரோம். அவள் அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பழையதையெல்லாம் கழற்றினாள். ஆயா அவற்றைக் குப்பைச் சாக்கில் திணித்து எடுத்துப்போனார்.

பெற்றோர் வரும் நாளில் வினிதாவின் அம்மா தனம் பம்மலிலிருந்து வந்தாள். பட்டறை முதலாளியிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கியிருந்தாள். சுவரில் மகளின் பெயரைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"யம்மாடி, இன்னா அயகா கீது! நீயாடி செஞ்சே?"

"இல்லம்மா. இது என்னுது இல்ல."

"உன் பேரு போட்டுக்கீது பாரு."

"என்னுது தூங்குற தாத்தா. இது வேற."

"சரி, இத்தப் புடிச்சிகினு நில்லு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பலாம்."

"நான் செய்யலம்மா!" வினிதா அழத் தொடங்கினாள். மற்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். புது அட்மிஷனுக்கு வந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த ஸ்ரீவித்யாவும் திரும்பினார்.

தனத்துக்கு வெட்கமாகிவிட்டது. "நீங்களே சொல்லுங்க மிஸ். இவதான செஞ்சா?"

வினிதா அழுகையை நிறுத்திவிட்டு மிஸ்ஸை அண்ணாந்து பார்த்தாள். மிஸ் சொல்லிவிடுவார் என்று நம்பிய முகம்.

"ஆமாங்க. அவதான் செஞ்சா" என்றாள் சத்யபிரியா.

தனம் மகளின் தொடையில் கிள்ளினாள். "மிஸ்ஸு பொய் சொல்றாங்களா? இத்தினி பேரு முன்னாடி மானத்த வாங்குறியே!" பிறகு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, தட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தாள். வினிதா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

லீவு நாட்களில் தனத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாமென்று சத்யபிரியா பலமுறை நினைத்தாள். சொன்னால் அது பிரின்சிபால் காதுக்குப் போகும். சொல்லவில்லை.

ஜனவரியில் பொங்கலுக்குக் காகிதப் பானை. மற்ற பிள்ளைகள் பசைக்கு அடித்துக்கொள்ள, வினிதா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஒட்டலையா கண்ணு?"

"நீங்களே செஞ்சிடுங்க மிஸ். நான்தான் செஞ்சேன்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன்."

அதில் கோபமில்லை. மிஸ்ஸுக்கு ஓர் உதவி செய்கிறவள்போலத்தான் சொன்னாள். வராந்தாவில் ஸ்ரீவித்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சத்யபிரியா கத்திரிக்கோலை எடுத்து, கோடு பிசகாமல் பானையை வெட்டத் தொடங்கினாள்.