மீட்டருக்குள் பிறந்த கோடு

அறையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவரான அத்தான், ரேடியோ அலைகளை அளக்கும் மீட்டரோடு வந்த ஆய்வு அதிகாரி, நான். அப்புறம் டிரான்ஸ்மிட்டர். பீரோ அளவு இருக்கும். அதன் விசிறிச் சத்தத்தில் யாராலும் ரகசியம் பேச முடியாது.

வானொலி நிலையம் அக்காவுடையது. படிப்பைப் பாதியில் விட்ட தம்பி எனக்கு அங்கே ராத்திரி வேலை. எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையைத் தாண்டி எங்கள் சிக்னல் சிந்துவதாகத் தெரிந்தால், அன்றே நிலையத்தை மூடிவிடுவார்கள்.

அதிகாரி ஜன்னலோரம் ஆன்டெனாவை நிறுத்தியிருந்தார். மீட்டர் திரையில் எங்கள் கேரியர், அதாவது நிலையத்தின் முதன்மை அலை, கம்பம் போல நின்றது. அதற்குப் பக்கத்தில், எங்கள் அலைவரிசைக்கு வெளியே, இன்னொரு கோடு.

"இது உங்களோடதுதானேம்மா?"

அக்கா திரையருகே குனிந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அத்தானுக்குச் சும்மா இருக்க வராது. டிரான்ஸ்மிட்டர் பக்கம் நகர்ந்து பவர் குமிழை மெல்லத் திருப்பினார். எங்கள் கம்பம் குட்டையானது.

"யாரு பவரைக் குறைச்சது?" அதிகாரி திரும்பவேயில்லை.

"தூசி தட்டினேன் சார்."

"தூசிக்கும் உங்களுக்கும் ரொம்ப நாள் பழக்கமோ?" என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

அதிகாரி திட்டவில்லை. மூக்கைத் திரையில் ஒட்டினார். "உங்க கம்பம் இறங்கிடுச்சு. பக்கத்துக் கோடு அசையல பாருங்க."

"அப்ப அது எங்களோடது இல்லையா?"

"இருங்கம்மா. பவரைப் பழையபடி வைங்க."

சிறிய சிக்னலைத் தேடுகிறோம் என்று அவர் மீட்டரை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். இப்போது மீட்டருக்குள் வரும் சிக்னலை ஒரு படி குறைத்தார். உண்மையான சிக்னல் என்றால் அந்த ஒரு படிதான் இறங்க வேண்டும். அந்தக் கோடோ மூன்று படி சரிந்தது.

"எதிர்க் குன்றுல இருக்கிற ரெண்டு பெரிய நிலையமும் என் மீட்டருக்குள்ள வந்து மோதிப் பெத்த குட்டி இது. வெளியில கிடையாது."

"சார், அப்படின்னா..." அத்தான் கையை விரித்தார்.

"வாயை மூடுங்க அத்தான்," என்றேன்.

கோடு அமுங்கிய இடத்தில் இன்னொரு பொடிக்கோடு தெரிந்தது. அதுதான் எங்கள் நிலையத்திலிருந்து சிந்தியது. நிலையாக நிற்காமல் அலைந்தது. அதிகாரி மீட்டரின் சல்லடையை இறுக்கி, அந்தக் கோட்டை மட்டும் பிரித்துப் பார்க்க வைத்தார். திரையில் பச்சைப் புள்ளி நத்தை போல ஊர்ந்தது. புள்ளியின் வேகத்தைக் கூட்டினால் கோட்டின் உயரத்தைக் குறைவாகக் காட்டும், எங்களுக்குத்தான் லாபம். அவர் கூட்டவில்லை.

புள்ளி ஒருவழியாக மேடேறி இறங்கியது.

"வரம்புக்குக் கீழதான். ஆனா ஒட்டிக்கிட்டு நிக்குது. சிந்தறதைத் தடுக்கிற ஃபில்டரைப் பாருங்க."

"இன்னைக்கே பாக்கறேன் சார்." என்றாள் அக்கா. நான் திருப்புளி தேடினேன்.

அதிகாரி பெட்டியை மூடிக் கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பிய அத்தான், திரும்பி வந்து பவர் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தினா, ஊருக்கு அந்தப் பக்கமும் கேக்கும் இல்ல மாப்ளே?"

அக்கா அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து பூட்டினாள்.