அருவிக்கு மேலே இருந்த மீன்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கலாராணிக்கும் அவள் புருஷன் ரெங்கசாமிக்கும் இருபது வருஷமாகத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் கல்லைக் கவ்விக்கொண்டு கிடக்கும் விரல் நீள மீனைக் கல்லொட்டி என்பார்கள். அருவிக்குக் கீழே பிடிப்பதும் மேலே பிடிப்பதும் ஒரே மீன்தான் என்பான் ரெங்கசாமி. அவள் ஒப்ப மாட்டாள்.

"கொழம்புல போட்டுப் பாருங்க. கீழ உள்ளது கரைஞ்சு போகுது, மேல உள்ளது அப்படியே நிக்குது."

"ஒனக்கு அடுப்பெரிக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவன் இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொள்வான்.

ஒருநாள் பதுளையிலிருந்து முஷ்ரிபா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஊவா மாகாணத்து ஆறுகளில் என்னென்ன மீன் வாழ்கிறதென்று பார்க்கிறாளாம். வலையில் சிக்கிய கல்லொட்டியின் வால் செட்டையில் பொட்டளவு நறுக்கி, ஸ்பிரிட் போத்தலில் போட்டுவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டாள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த கலாராணி நின்று பார்த்தாள்.

"இத வச்சு என்ன மிஸ் செய்வீங்க?"

"கடைச் சாமான் பெட்டியில கறுப்புக் கோடு இருக்குந்தானே அக்கா? மெஷின் அத வாசிச்சுப் பேரச் சொல்லும். மீனோட டி.என்.ஏ.யிலயும் அப்படி ஒரு துண்டு இருக்கு. அத வாசிச்சா எந்த இனமுன்னு தெரியும்."

கலாராணி சட்டென்று மேலே கையைக் காட்டினாள். "அப்ப அருவிக்கு மேலயும் பிடிங்க மிஸ். அது வேற மீன்."

முஷ்ரிபா அருவியின் வழுக்குப் பாறையை அண்ணாந்து பார்த்தாள். "பார்வைக்கு ஒண்ணுதானே அக்கா?"

"பார்வைக்கு ஒண்ணுதான். வாயில வச்சாத்தான் வேற!"

முஷ்ரிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு கலாராணி முன்னே ஏற, அவள் பின்னே ஏறினாள். அட்டைகளுக்கு நல்ல விருந்து. மேலே வலையில் ஆறு மீன்கள் சிக்கின. கீழே நறுக்கிய துண்டுகள் கிடந்த போத்தலையே திறந்தவளைக் கலாராணி தடுத்தாள்.

"கலந்துறாதீங்க மிஸ். அப்பறம் எங்க வீட்டுக்காரரு சொல்றதுதான் சரின்னு ஆயிரும்."

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முஷ்ரிபா லயத்து வாசலுக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா! அந்த டி.என்.ஏ. துண்டுல நூறு எழுத்துக்கு ஏழு எழுத்து வித்தியாசம். ஒரே இனமுன்னா ஒண்ணு ரெண்டுக்கு மேல வராது. மேல உள்ளது வேற மீன். எங்ககிட்ட இருக்கிற எந்தப் பதிவோடயும் அது சேரல்ல. இன்னும் சோதிக்கணும். ஆனா எங்க புரொபசர் சேர் ரெண்டு நாளா நித்திரையே கொள்ளல்ல!"

கலாராணி கையிலிருந்த அகப்பையோடு அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரெங்கசாமி தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து போய் லயத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"கேட்டீங்களா? எம் பொஞ்சாதி நாக்கு கண்டுபிடிச்சத மெஷினு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முஷ்ரிபாவுக்குத் தேத்தண்ணீர் நாலு வீட்டிலிருந்து வந்தது. நாலையும் குடித்தாள்.

"அப்ப இனிமே அதப் பிடிக்கக் கூடாதா மிஸ்?" என்று ரெங்கசாமி மெல்லக் கேட்டான்.

"எத்தன மிச்சம் இருக்குன்னு தெரியிற வரைக்கும் வேணாம் அண்ணே."

அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டமே சிரித்தது. மறு ஞாயிறே, யாரும் தூண்டில் போட்டுவிடாதபடி, அருவிக்கு மேலே காவல் உட்கார்ந்திருந்தான்.