சுமிகோவை ரயிலேற்றியவன்

கவினுக்கு முப்பத்தொரு வயது முடிந்திருந்தது. அந்த வயதுக்கு அவன் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த கொள்கை ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு ஜப்பான் வீடியோ விளையாட்டைப் பற்றியது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை அவனுக்கு. முதலாளி சொன்னால் நீலத்தைப் பச்சையாக்குவான், பச்சையை மஞ்சளாக்குவான், எதிர்த்து ஒரு வார்த்தை வராது. ஆனால் ‘மழை விடுதி’ என்ற அந்த விளையாட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், மனிதனுக்கு அருள் வந்துவிடும்.

‘மழை விடுதி’யில் சுடுவது, ஓட்டுவது, உதைப்பது எதுவும் கிடையாது. திரையில் ஒரு படம் நிற்கும், கீழே கதை வரிவரியாக வரும், படித்துக்கொண்டே போகவேண்டியதுதான். இடையிடையே ‘இதைச் சொல்வாயா, அதைச் சொல்வாயா’ என்று கேட்கும். நாம் தொடுவதைப் பொறுத்துக் கதை திரும்பும். மலையடிவாரத்தில் ஒரு பழைய தங்கும் விடுதி, ஓயாத மழை, அங்கே வேலை பார்க்கும் சுமிகோ என்ற பெண். கடைசியில் அவள் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்பாள். ‘போகாதே என்று சொல்’, ‘எதுவும் சொல்லாமல் நில்’ என்று இரண்டு வழி வரும். முதன்முதலில் வந்த பதிப்பில் எதைத் தொட்டாலும் ரயிலேறிப் போய்விடுவாள். கல்லூரியில் படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு கவின் சில நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. பரீட்சை பயம் என்று நினைத்து அவன் அம்மா கண்ணாத்தாள் வேப்பிலை அடித்தாள்.

சில வருடம் கழித்துக் குரல் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். வாங்கினான். படங்களைப் புதிதாக வரைந்து மூன்றாவது தடவை வெளியிட்டார்கள். அதையும் வாங்கினான். அந்த மூன்றாவதில்தான் வினை. ‘போகாதே’ என்று சொன்னால் சுமிகோ தங்கிவிடுகிற மாதிரி புதிதாக ஒரு முடிவைச் சேர்த்திருந்தார்கள். கவின் அதைக் கண்ணால் பார்க்கக்கூட மறுத்துவிட்டான். பார்க்காமலே ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘முதல் முடிவுதான் முடிவு. போனவள் போனவள்தான். திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்பது கோழைகள் செய்கிற வேலை’ என்று முழ நீளத்துக்கு விமர்சனம் எழுதினான்.

அதற்குக் கீழே ஒரு பெண் பதில் போட்டாள். ‘பார்க்காத முடிவுக்குத் தீர்ப்பு எழுதிய மகானே, வணக்கம். அவர்கள் நினைத்த கதையை முழுசாகச் சொல்ல அன்றைக்கு வசதியில்லை. இன்றைக்குச் சொல்கிறார்கள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது?’

கவினுக்கு எங்கெங்கேயோ வலித்தது. பதிலுக்குப் பதில் எழுதினான். எழுதி எழுதி, கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் அமெரிக்காவிலும் இல்லை, ஜப்பானிலும் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு, அஸ்தம்பட்டியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை, பெயர் நித்யஸ்ரீ. அவன் ஊரான புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். போய்ப் பார்த்தான். சண்டை நேரிலும் தொடர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஆட்டத்தைச் சேமித்து வைத்து, பிடிக்காவிட்டால் திரும்பி வந்து மாற்றிப் பார்ப்பது அவள் வழக்கம். அதைக் கள்ளாட்டம் என்றான் இவன். இப்படியே திட்டிக்கொண்டு ஒரு வருடம் ஓடியதில், திட்டு வாங்காத நாள் கவினுக்கு நாளாகவே இல்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது கண்ணாத்தாள் கும்பிடாத சாமி இல்லை. மகனின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து செருப்பு தேய்ந்தவள் அவள். இங்கே பெண்ணே சம்மதம் சொல்கிறாள். குலக் கூட்டமும் வேறு வேறு என்பதால் தடையில்லை, ஜாதகமும் பொருந்துகிறது. பாக்கி பூக் கேட்பது ஒன்றுதான்.

அவர்கள் வீட்டு வழக்கம் இது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். வீட்டு அம்மா கண்ணை மூடி மனசுக்குள் கேட்பாள். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இந்த வழக்கத்தை மீறுவதைவிட வீட்டைக் கொளுத்திவிடலாம் என்று நினைக்கிறவர் கவினின் அப்பா வெள்ளியங்கிரி.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் பூசாரி தங்கசாமி மணியை அடித்தார். கண்ணாத்தாள் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்து கவினின் சட்டைப் பையிலிருந்து சோவென்று மழை கொட்டியது. செய்தி வந்தால் அடிக்கும்படி அவன் போனில் வைத்திருந்த அந்த விளையாட்டின் மழைச் சத்தம் அது. ‘மழை விடுதி’ நான்காவது தடவையாக வெளிவரப் போகிறது என்று செய்தி. கண்ணாத்தாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து மகனை எரிப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார்.

சிவப்பு.

காரில் வீடு திரும்பும்போது வெள்ளியங்கிரி, “ஆத்தா சொல்லிப்போட்டா. அவ்வளவுதான்” என்றார். எதற்கெடுத்தாலும் ஊரையே கூட்டுகிற கண்ணாத்தாள் அன்றைக்கு இருந்த இடம் தெரியாமல் சமையலறைக்குள் போய்ப் புகுந்துகொண்டாள்.

கவின் தோட்டத்துப் பக்கம் போய் நித்யஸ்ரீக்குப் போன் போட்டுச் சொன்னான்.

“சரிங்க. நீங்க இப்ப என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

கவின் எதுவும் சொல்லவில்லை.

“அதானே பாத்தேன். ‘எதுவும் சொல்லாமல் நில்’. எத்தன தடவ விளையாண்டாலும் நீங்க அதத்தான தொடுவீங்க? மொத முடிவுதான் முடிவு, திரும்பக் கேக்கறவன் கோழை. எழுதி ஊருக்கே படிக்கக் குடுத்திருக்கீங்களே!”

“நித்யா, அது வெளையாட்டுங்க...”

“எனக்குந்தான் வெளையாட்டு. செவப்பு வந்துட்டா ஞாயித்துக்கெழம திருச்செங்கோட்டுலருந்து பொண்ணு பாக்க வர்றதாப் பேச்சு. போர்வெல் போடற ரிக் வண்டி மூணு ஓடுதாம். எங்கப்பா இத்தன நாள் உங்களுக்காகத்தான் அவுங்கள வேண்டாம்னுட்டு இருந்தாரு. நான் பொட்டியத் தூக்கிட்டு ரயிலடியில நின்னு அழுகற புள்ள இல்லீங்க. வாயத் தொறக்கத் தெரிஞ்சா தொறங்க. இல்லீன்னா அந்த ஒத்த நட்சத்திரத்த நெத்தியில ஒட்டிக்கங்க.”

போன் துண்டிக்கப்பட்டது. கவின் தென்னை மரத்தடியில் நின்றான். பயலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கொள்கை கொள்கை என்று தூக்கிக்கொண்டு திரிந்தது வேறொன்றும் இல்லை, வாய் திறக்கப் பயம். முதல் பதிப்பில் என்ன சொன்னாலும் அவள் போய்விடுவாள். அதனால் எதுவும் சொல்லாதவன் மேல் குற்றமில்லை. மூன்றாவது பதிப்பில் சொல்லியிருந்தால் தங்கியிருப்பாள். அதனால்தான் அவனுக்கு அந்தப் பதிப்பைக் கண்டால் அத்தனை ஆத்திரம். இது விளங்கியதும் அவனுக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

உள்ளே போனான். வெள்ளியங்கிரி சாப்பிட உட்கார்ந்திருந்தார். கண்ணாத்தாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கப்பா, இன்னொருக்கா பூக் கேக்கோணும்.”

வெள்ளியங்கிரியின் கை இலையிலேயே நின்றது. “என்றா சொன்ன? ஆத்தா கிட்டயே போயி, நீ சொன்னது செரியில்ல, மாத்திச் சொல்லுங்கறதா? மளிகைக் கடையில சாமான் மாத்தறயாடா நீயி?”

“அப்படி இல்லீங்கப்பா. அந்த ஜப்பான் கேம் இருக்குதுங்களே...”

“அத எதுக்குடா இங்க இழுக்கற?”

“கேளுங்கப்பா. மொதல்ல வந்ததுல கதைய முழுசாச் சொல்ல அவுங்களுக்கு வசதியில்ல. பாதியோட உட்டுட்டாங்க. பொறகு மறுக்காவும் போட்டு முழுசாச் சொன்னாங்க. மொதல்ல சொன்னது பொய்யின்னு அர்த்தமில்லீங்க, முழுசா இல்லீன்னுதான். நம்ம கேட்டதும் அரகொறையா இருக்கலாமுங்க. ஆத்தா மேல தப்பில்ல. கேள்வி மேல தப்பிருக்கலாம்.”

சொல்லும்போதே அவனுக்குக் காது சுட்டது. ஒவ்வொரு சொல்லும் நித்யஸ்ரீ எழுதியது. அவன் வரிக்கு வரி கிண்டல் செய்தது.

வெள்ளியங்கிரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கண்ணாத்தாளின் கையிலிருந்த கரண்டி ரசச் சட்டிக்குள் தொபுக்கென்று விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏம் புள்ள, என்னாச்சு?” என்றார் வெள்ளியங்கிரி.

“ஏனுங்க... கோவிச்சுக்காதீங்க. நான் கண்ணாலத்தப் பத்திக் கேக்கவே இல்லீங்க.”

“பின்ன எதப் பத்திக் கேட்ட?”

“அதத்தான் கேக்கோணும்னு கண்ண மூடுனனுங்க. இவன் சட்டச் சோப்புல மழ பேஞ்சுதுங்களா... எனக்கு வந்துதே ஒரு எரிச்சல்! ஆத்தா, கண்ணாலம் ஆனாக்காவது இவன் இந்த எழவெடுத்த கேம உடுவானான்னு மனசுல வந்துருச்சு. வந்த சுருக்குல பூசாரி பொட்டலத்த எடுத்துப்போட்டாருங்க. அல்லாரு முன்னாலயும் நான் என்னன்னு சொல்றது?”

கவின் அம்மாவையே பார்த்தான். காலையிலிருந்து அவனை அணு அணுவாகக் கொன்ற அந்தச் சிவப்பு அரளி அவனது கல்யாணத்துக்குச் சொன்ன பதிலே இல்லை. ‘விடுவானா?’ என்று கேட்டிருக்கிறாள். ‘மாட்டான்’ என்று அம்மன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

வெள்ளியங்கிரி கத்தத்தான் போகிறார் என்று இருவரும் பயந்தார்கள். அவர் இலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறித் தலையில் தட்டவேண்டியதாகிவிட்டது.

“கேக்காத கேள்விய இப்பக் கேட்டாத் தப்பில்ல. கார எட்றா,” என்றார்.

தங்கசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆத்தாளும் கேட்பதற்குத்தானே பதில் சொல்லமுடியும் என்று தலையை ஆட்டினார். இந்தத் தடவை, வழக்கம் கிடக்கட்டும், வாய்விட்டே கேட்கட்டும் என்று வெள்ளியங்கிரியே உத்தரவு போட்டார். மனைவியின் மனசை நம்ப அவர் தயாராக இல்லை. கவினின் போனைப் பிடுங்கி அணைத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டார். கண்ணாத்தாள் கோயிலே அதிரும்படி, “ஆத்தா, எம்பையன் கவினுக்கு நித்யஸ்ரீயக் கண்ணாலம் பண்ணலாமா, கூடாதா? இது ஒண்ணுதான் கேள்வி, வேற எதும் இல்ல சாமி!” என்று கத்தினாள்.

பொட்டலத்தைப் பிரித்தபோது வெள்ளை அரளி வாடாமல் சிரித்தது. கவின் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்து போனை வாங்கி நித்யஸ்ரீயைக் கூப்பிட்டான். “வெள்ளைங்க” என்றான்.

“திருப்பிக் கேட்டீங்களா? யாரு கேக்கச் சொன்னது?”

“நான்தானுங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “ஞாயித்துக்கெழம அவுங்களுக்குப் பதிலா நீங்க வாங்க. அதுக்கு முன்னால அந்த விமர்சனத்த அழிச்சுப்போடுங்க. எனக்குச் சளி புடிச்சிருக்குது, வெச்சர்றேன்.”

சாயங்காலம் கவின் விமர்சனத்தை அழிக்க உட்கார்ந்தான். கண்ணாத்தாள் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்தச் சுமியக் காட்டு. யாராலடா என்ற மனசு ஆத்தாகிட்ட கொழம்புச்சுன்னு நானும் பாக்கறேன்.”

கவின் மூன்றாவது பதிப்பைத் திறந்து கடைசிக் கட்டத்துக்குப் போனான். மழை கொட்டுகிறது. சுமிகோ பெட்டியோடு நிற்கிறாள். தூரத்தில் ரயில் விளக்கு தெரிகிறது. கீழே இரண்டு வழியும் வந்து நின்றன. இத்தனை வருடப் பழக்கம், அவன் கை தானாக இரண்டாவதுக்குப் போனது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். சொன்னான்.

“ஏண்டா, ஒரு பொம்பளப் புள்ள மழையில நனைஞ்சுட்டு நிக்குது. போகாத கண்ணுன்னு சொன்னா உன்ற வாயில முத்தா உதுந்துரும்? சொல்றா!”

கவின் முதலாவதைத் தொட்டான். சுமிகோ கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள். ரயில் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. கவின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். விமர்சனத்தை அழித்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தையும் போட்டான்.

கண்ணாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்தால கோயில்ல மழ பேஞ்சுதே, அந்த நாலாவது எப்ப வருதாமா?” என்று கேட்டாள்.