இரண்டு தடவை சொன்ன வரி

கரும்பலகையைக் கழற்றினால்தான் ஐஸ் பெட்டி உள்ளே நுழையும் என்று ஆகிவிட்டது. பந்தடித் தெரு வீடுகளில் முன்னறை என்றால் எட்டடி அகலம்தான். அதில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கரும்பலகை, கனத்த மரச்சட்டத்தோடு ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசற்படியிலேயே தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

"ஆணி அம்புட்டும் துருப்பிடிச்சிருக்கு மாப்ள. இழுத்தா சுவரோட வந்துரும்," என்றான் பேச்சிமுத்து. ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருப்பவன். வெள்ளைச் சட்டை முழுக்கக் காரை உதிர்ந்திருந்தது.

"பைய எடுடா. சாரோட போர்டு," என்றான் சிவபாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன்; இப்போது வாடிப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். இருவரும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்.

பலகை சுவரைவிட்டு வந்தது. அதில் முந்தின நாள் மாலை வெங்கடரமணன் வரைந்துவைத்த படம் அப்படியே இருந்தது. மேற்கே மலைகள், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு. காலை வகுப்புக்கு வேண்டிய படத்தை முந்தின நாளே வரைந்துவைப்பது அவர் வழக்கம்.

"தொடச்சிரவாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி அன்று காலையிலிருந்து முதல்முறையாக வாய் திறந்தாள். "வேண்டாம். அடுப்படியில கொண்டுபோய்ச் சாத்துங்க."

அடுப்படியிலா என்பதுபோல மகன் கிரிதரன் பார்த்தான். வேலை பார்க்கும் ஊரிலிருந்து கார் பிடித்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். பிறகு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

வெங்கடரமணன் கல்லூரியில் புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் காலை ஐந்து மணி வகுப்பு நிற்கவில்லை. கல்யாணமாகி ரங்கநாயகி இந்த வீட்டுக்கு வந்ததற்கு மறுவருஷம் தொடங்கியது அது. கல்லூரிப் பாடம் புரியாத பிள்ளைகள், வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வரலாம். ஐந்திலிருந்து ஏழுவரை அந்த அறை நிரம்பி, சில பேர் படியிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றும் நாலேகாலுக்கு எழுந்தார். பல் தேய்த்தார். சாக்பீஸ் டப்பாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வந்து, சார் கண்ணை மூடி யோசிக்கிறார் என்று நினைத்து, நோட்டைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். முதலில் தெரிந்தது அடுப்படியில் இருந்த ரங்கநாயகிக்குத்தான். பாடம் தொடங்கவில்லை.

அவள் முப்பத்தோரு வருஷமாக அந்தப் பாடத்தைக் கேட்டுவந்தவள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு ஒற்றைச் செங்கல் சுவர். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கினால் அவர் பேசுவது அத்தனையும் கேட்கும். வீட்டில் அவர் பேசுவது சௌராஷ்டிரம். உப்பு போதும், மாத்திரை எங்கே, கிரிதரன் கடிதம் போட்டானா. அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. சுவருக்கு அந்தப் பக்கம் தமிழில் பேசுகிறவர் வேறு ஆள். சிரிப்பார், கேலி செய்வார், பாலைவனத்து மணல் ராத்திரியில் எப்படிக் குளிரும் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ரங்கநாயகி அந்த ஆளைக் கேட்பதற்காகவே சமையலை ஐந்து மணிக்குத் தொடங்குவாள்.

தான் கேட்பது அவருக்குத் தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். ஒருமுறை, கிரிதரன் வேலைக்குப் போன புதிதில், சாப்பாடு போட்டுக்கொண்டே வாயெடுத்தாள். அவர் நிமிர்ந்து, மோரா என்று கேட்டார். மோர் ஊற்றினாள். இனி அதைக் கேட்கவும் முடியாது.

பத்து மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் அவள் முன்னால் வந்து கைகூப்பி ஆளுக்கொன்று சொன்னார்கள். சார் எனக்கு இதைச் சொன்னார், சார் அன்றைக்கு இப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருப்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் திருப்பிச் சொல்ல அப்படி ஒன்றும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பழைய மாணவர்கள் நின்று பேசுவது கேட்டது.

"அவரு ஒரு வரிய ரெண்டு தடவ சொன்னாருன்னா, பேனாவ எடுன்னு அர்த்தம்," என்றான் பேச்சிமுத்து.

"எடுத்து நீ என்ன கிழிச்ச? மூணு பேப்பர் அரியர் வச்ச," என்றான் சிவபாண்டி.

"டேய், எழவு வீட்டுலயாச்சும் அரியர விடுறா."

"எங்க பேட்ச்சுலயும் அப்பிடித்தாண்ணே," என்றது ஒரு பெண் குரல். இசைவாணி. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். "ரெண்டு தடவ சொன்னா செவப்புப் பேனாவுல கோடு போட்டுருவோம். என்ன, அதுல ஒண்ணுகூடப் பரீட்சையில வந்ததில்ல."

"எனக்கும் அதான் இன்னைக்கு வரைக்கும் வெளங்கல," என்றான் சிவபாண்டி. "அந்த நோட்டக் கொண்டாந்திருக்கேன், எண்பத்து நாலாம் வருசத்து நோட்டு. 'ஒட்டகத்துக்கு மூக்கை மூடிக்கொள்ளத் தெரியும்.' இத ரெண்டு தடவ சொல்லிருக்காரு. கோடு போட்டு வச்சிருக்கேன்."

"மணல் புயலப் பத்தி ஏதோ பெரிய விசயமா இருக்கும் மாப்ள. நமக்குத்தான் எட்டல."

"அம்மாகிட்ட வேணா கேட்டுப் பாக்கலாமாண்ணே?" என்றாள் இசைவாணி.

"அம்மாவுக்கு என்னா தெரியும், பாவம். அடுப்படியே கதின்னு கெடந்தவுக. சாரு யாருன்னு நமக்குத்தான் தெரியும்," என்றான் பேச்சிமுத்து. அவன் குரலில் இளக்காரம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

ரங்கநாயகி அதைக் கேட்டாள். ஆனால் அவள் மனம் ஒட்டகத்திலேயே நின்றுவிட்டது. அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொத்தமல்லித் துவையலுக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. எரிச்சலோடு மிக்ஸியை நிறுத்தினாள். நிறுத்தியதும் அவர் அந்த வரியை மறுபடி சொன்னார். அவளும் அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். குக்கர் விசில் அடிக்கும்போதும் அப்படித்தான் நடக்கும். விட்டுப்போன வரி எப்படியோ திரும்ப வந்துவிடும். தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். சொந்த சனம் மட்டும்தான் தூக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, மாணவர்கள் ஒதுங்கி நின்று, பிறகு தத்தனேரி மயானம்வரை பின்னாலேயே நடந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். நாத்தனார் ஹம்சவேணி அவளுக்குத் தலைக்கு ஊற்றி, வேறு சேலை கொடுத்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை டம்ளரில் ஊற்றிவைத்தாள். கொஞ்சம் கண்ணை மூடு என்று வீட்டு மொழியில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கரும்பலகை இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது.

நாலரை மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. சிவபாண்டி. தலை ஈரம் காயவில்லை.

"கிரிதரன் தம்பி ஐயர்கூடப் பேசிக்கிட்டு வாராரும்மா. நாளைக் காரியத்துக்கு. நான் பைய விட்டுட்டுப் போயிட்டேன், எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஜன்னல் கட்டையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் பை இருந்தது. அவன் எடுத்துத் தோளில் மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நோட்டு இதுலதான் இருக்கா?"

"எந்த நோட்டும்மா?"

"கோடு போட்டது."

அவன் முகம் சுருங்கியது. "பேச்சிமுத்து சொன்னத மனசுல வச்சுக்காதீங்கம்மா. அவனுக்கு வாய்தான். தத்தனேரியில சின்னப்புள்ள மாதிரி அழுதான்."

"அந்தத் தம்பி தப்பா ஒண்ணும் சொல்லலை. நோட்டைக் குடுங்க."

பழுப்பேறிய நோட்டு. ஓரத்தில் தேதி. அவள் விரலை வைத்து வாசித்தாள். வடக்கு மேலே இருப்பது நாமாக வைத்துக்கொண்டது. அடிக்கோடு. எறும்பு மழைக்கு முன்னால் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். அடிக்கோடு. ஒட்டகம்.

"இதெல்லாம் அவர் மொதத் தடவை சொல்றப்ப உங்களுக்குக் கேக்காதா?"

"ஏம்மா கேக்காம? நாங்க மூக்குக்கு முன்னாடி உக்காந்திருக்கோம். உள்ள மிக்ஸி ஓடும், குக்கர் கத்தும், அது பழகிப்போச்சு. நல்லாவே கேக்கும். கேட்டுருச்சு சார்னு சொன்னாலும் மறுபடி சொல்லுவாரு."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். சில பக்கங்களுக்கு நடுவில் மடித்து ஒட்டிய படங்கள் இருந்தன. பெயர் இல்லாத தமிழ்நாடு. அதில் பையன் கையெழுத்தில் ஊர்களும் மலைகளும்.

"இது?"

"அது ஆறு மணி மேப்பும்மா. சரியா ஆறு அடிச்சா ஆளுக்கொண்ணக் குடுத்து, எடம் குறிங்கடான்னுட்டு சாரு வாயே தொறக்க மாட்டாரு. பத்து, பதினஞ்சு நிமிசம். தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்காருன்னு பேசிக்குவோம்."

"தினமுமா?"

"இல்லம்மா. ஒரு நா விட்டு ஒரு நா."

தெருக் குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறு மணிக்கு. குடங்களை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று பிடித்துவர அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். போகும்போது நின்ற இடத்திலேயே திரும்பி வரும்போதும் பாடம் நிற்கும். அதையும் அவள் அதிர்ஷ்டம் என்றுதான் வைத்திருந்தாள்.

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லை." நோட்டை மூடி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கியபோது விடவில்லை. "கொஞ்சம் வாசிப்பீங்களா?"

"வாசிக்கேம்மா. எந்தப் பாடம்?"

"வைகை."

"உக்காருங்கம்மா, வாசிக்கேன்."

"நீங்க இங்கயே இருந்து வாசிங்க. நான் உள்ள இருக்கேன்."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தைத் தேடினான்.

ரங்கநாயகி அடுப்படிக்குள் போய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டுக்கொண்டாள். எதிரே கரும்பலகை சாய்ந்திருந்தது. தூக்கி வந்த யாருடைய கையோ பட்டு ஆறு நடுவில் கொஞ்சம் அழிந்திருந்தது. மிக்ஸி மூடியோடு மேடையில் இருந்தது. குக்கர் காலையில் கவிழ்த்தபடியே கிடந்தது. குழாய்க்கு இன்று முறை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் தொடங்கியது. உசிலம்பட்டிக் குரல். வாத்தியார்க் குரல்தான், ஆனால் வேறு வாத்தியார். மலையைச் சொன்னது, அணையைச் சொன்னது, சோழவந்தான் வயல்களைச் சொன்னது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நறுக்க ஒன்றும் இல்லை.

"எல்லா ஆறும் கடலுக்குப் போவதில்லை. வைகை பெரும்பாலான வருஷங்களில் கண்மாயிலேயே நின்றுவிடும்."

குரல் நின்றது. கோடு போட்ட வரி போலிருந்தது. வீட்டில் எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை.

"எல்லா ஆறும் கடலுக்குப் போவதில்லை," என்று மறுபடியும் வாசித்தான் சிவபாண்டி.